கௌரவத்தில் உலை கொதிக்குமா?

2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவை எடுத்தது. கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் 13 சயனைடு மேடுகளை மீண்டும் அரைத்துச் சலித்து, எஞ்சிய தங்கத்தை எடுக்க ஒன்றிய அரசு முன்வைத்த திட்டத்துக்கு அது ஒப்புதல் வழங்கியது. ஒரு டன் கழிவு மண்ணில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஆயினும் அந்தக் குன்றிமணியையும் விட்டுவிடலாகாது என்பதில் பெங்களூருவுக்கும் தில்லிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் முகம் சுளிக்காமல் ஒத்துப்போகும் இடங்கள் எவை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கழிவு மண்ணுக்குள் கிடக்கும் மதிப்பை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிடத் தெரிந்த அரசுகளுக்கு, அதே ஊரில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் உழைப்பு மட்டும் கண்ணில் படுவதில்லை. சோறு பொங்குவது, தண்ணீர் சுமப்பது, பிள்ளை வளர்ப்பது, நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, முதியவரின் படுக்கையை மாற்றுவது, எழுத்தறியாப் பருவத்துக் குழந்தைக்கு முதற்சொற்களைச் சொல்லித் தருவது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பராமரிப்பு உழைப்பு. வீட்டுக்குள் செய்தால் அதற்குப் பெயர் அன்பு. அரசுத் திட்டத்தில் செய்தால் சேவை. அடுத்தவர் வீட்டில் செய்தால் மட்டுமே அதற்குக் கூலி என்ற பெயர் கிடைக்கிறது. அதுவும் அரைவயிற்றுக் கூலி. மூன்று பெயர்களில் நடப்பது ஒரே சுரண்டல் என்பதைத் தங்கவயலைப் போல் துலக்கமாகக் காட்டும் ஊர் வேறில்லை.

சங்கு ஊதுமுன்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. வட ஆற்காட்டின் சேரிகளிலிருந்து பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்திய தலித் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வேலை செய்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. பெங்களூரு நகரத்துத் தெருக்களுக்கே அதன் பிறகுதான் மின்விளக்கு கிடைத்தது. இந்தச் செய்திகளை எல்லாம் தங்கவயல் பற்றி எழுதும் எவரும் தவறாமல் எழுதுகின்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும், அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைக் கடந்ததும், பாறை வெடித்து மனிதர் புதையுண்டதும் எழுதப்பட்டுவிட்டன.

எழுதப்படாத ஒன்று உண்டு. சுரங்கத்தின் சங்கு ஊதுவதற்கு முன்பே ஒவ்வொரு லயன் வீட்டிலும் இன்னொரு ஷிப்ட் தொடங்கிவிடும். பொதுக்குழாயில் குடம் வரிசைக்கு வரும், அடுப்பு மூளும், களி கிண்டப்படும், பாறைத்தூள் அப்பிய உடை அடித்துத் துவைக்கப்பட்டிருக்கும். பத்துக்குப் பத்து அறையில் குழந்தைகள் விழித்துவிடாமல், இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் உறங்கவும் வேண்டும், காலை ஷிப்டுக்குப் போகிறவன் கிளம்பவும் வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்து முடிப்பவளின் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. அவள் இல்லாமல் ஒரு கூண்டுகூடக் கீழே இறங்கியிருக்காது.

உழைப்புச் சக்தியின் மதிப்பில் தொழிலாளியின் குடும்பத்தைப் பேணும் செலவும் அடங்கும் என்று மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் விளக்கினார். அரிசியின் விலையும் விறகின் விலையும் கூலியில் ஏதோ ஓரளவுக்குச் சேர்ந்திருக்கும். அரிசியைச் சோறாக்கும் உழைப்போ எதிலும் சேராது. முதலாளிக்கு அது காற்றைப் போல, ஆற்றுநீரைப் போல இலவசம். 1884-இல் எங்கெல்ஸ் தம் நூலின் முன்னுரையில், வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தியையும் மனிதர்களின் உற்பத்தியையும் ஒரே சொற்றொடரில் வைத்துப் பேசினார். பின்னால் வந்தவர்கள் பலர் முதற்பாதியை மனப்பாடம் செய்தார்கள். பிற்பாதியை மாதர் அமைப்பின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

சிலிகோசிஸ் நோயைப் பார்த்தால் இந்த இலவசத்தின் பரிமாணம் விளங்கும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில்தான், ஆண்டு 1947. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இரண்டு பங்கினருக்கும் மேலானோரின் நுரையீரலில் சிலிகாத் தூள் படிந்திருந்தது. மருத்துவ ஏடுகள் இந்த அளவோடு நின்றுவிடும். நுரையீரல் கல்லாகிப்போன மனிதன் பல ஆண்டுகள் வாழ்கிறான். மல்லாந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறான். அவன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்த கைகள் யாருடையவை? சளிக் கிண்ணத்தைக் கழுவியது யார்? அவனால் இயலாமல்போன வருமானத்தை, துரைமார் பங்களாவில் பாத்திரம் துலக்கியும் பிள்ளை தூக்கியும் ஈடுகட்டியது யார்? சுரங்கம் உண்டாக்கிய நோயின் முழுச் செலவையும் நிறுவனம் ஏற்றிருந்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் இரவு பகலாக ஆள் அமர்த்திக் கூலி கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கூலியை அது மிச்சப்படுத்தியது. மிச்சப்பட்ட தொகை இலண்டனுக்குப் பங்காதாயமாகப் போயிற்று. இதை வெறும் துயரக் கதையாகச் சொல்லிக் கண்ணீர் வடிப்பவர்கள் வடிக்கட்டும்; கணக்குப் புத்தகத்தில் இதற்குரிய சொல் திருட்டு.

தங்கவயலின் போராட்ட வரலாறு பெருமைக்குரியது. கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930-இல் நடந்த வேலைநிறுத்தமும், 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்ததும் செங்கொடி இயக்கத்தின் நினைவில் என்றும் நிற்பவை. வாரக்கணக்கில் கூலி வராத நாள்களில் வேலைநிறுத்தம் குலையாமல் நின்றது, கடன் வாங்கியும் பட்டினி கிடந்தும் அடுப்பை அணையவிடாதவர்களால். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் ஆணின் கூலியும் போனசும் வீடும் முதலிடம் பெற்றன. அடுப்படி உழைப்பு கோரிக்கையாக மாறவில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. 1966-இல் சுரங்கக் குழந்தைகள் காப்பக விதிகள் வந்தன. பெண்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் உள்ளக்கிடக்கை வெளிப்பட்டுவிடும். நிலத்தடியில் இறங்கும் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குச் சட்டத்தின் பார்வையில் பிள்ளைகளே கிடையாது! குழந்தை பெண்ணோடு ஒட்டிப் பிறந்த உறுப்பு. ஆணுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் இந்தப் பார்வையிலிருந்து விடுபடவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கும் உரிமையைத் தாய்க்கு மட்டும் அது வழங்கியது.

வைட்ஃபீல்டு வரை நீளும் தாலாட்டு

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் அரசு. எஞ்சியிருந்த மூவாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களுக்கு ஏதோ ஒரு தொகை கையில் வைக்கப்பட்டது. பெரும் பெயர் பெற்றிருந்த சுரங்க மருத்துவமனையும் கூடவே முடங்கியது. நோயாளிகளோ முடங்கவில்லை, அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அரசு ஒரு மருத்துவமனையை மூடும்போது செலவு குறைந்ததாக வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படுகிறது. அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. மகளின், மருமகளின் உறக்கத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது. தாராளமயத்தின் சிக்கன நடவடிக்கை என்பதற்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் தேவையில்லை.

இன்றைக்குத் தங்கவயல் ஒரு படுக்கையறை நகரம். மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆளை அள்ளிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருவுக்கு ஓடுகிறது. போக நூறு கிலோமீட்டர். வர நூறு கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஆண்களின் ரயிலாக இருந்தது, இப்போது பெண்களின் ரயிலும்தான். துப்புரவு, ஆயத்த ஆடை, மருத்துவமனை உதவியாளர், வீட்டுவேலை என்று அவர்கள் நகரமெங்கும் பரவுகிறார்கள். கர்நாடக அரசு 2023 ஜூனில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை அறிமுகப்படுத்தியது, நல்ல திட்டம். ரயிலுக்கு அது செல்லாது என்பதைத் தங்கவயல் பெண்கள் முதல் நாளே கண்டுகொண்டனர்.

வைட்ஃபீல்டு அடுக்ககம் ஒன்றில் ஓர் இளம் பொறியாளர் தம்பதியின் குழந்தையைத் தூக்கிச் சோறூட்டும் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய குழந்தை ஆண்டர்சன்பேட்டையில் பாட்டியிடம் இருக்கிறது. வட ஆற்காட்டு வழக்கில் பாட்டிக்குப் பெயர் ஆயா. வெள்ளைக்காரன் வீட்டில் பிள்ளை தூக்கியவளுக்கும் பெயர் ஆயா; அது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். தங்கவயலில் இரண்டு சொற்களும் ஒலியால் மட்டுமன்றி வாழ்க்கையாலும் ஒன்றாகிவிட்டன. தாய் நகரத்தில் ஆயாவாக இருப்பதற்காக, அவளுடைய தாய் ஊரில் ஆயாவாக இருக்கிறாள். முன்னவளுக்குக் கூலி உண்டு. பின்னவளுக்கு முதியோர் ஓய்வூதியமாக ஒரு சிறு தொகை. அதுவும் ஆதாரில் விரல்ரேகை பொருந்தினால். வாழ்நாளெல்லாம் பாத்திரம் துலக்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்?

வீட்டுத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004-லேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம். அறிவிப்புக்கும் அடுக்ககத்தின் சமையலறைக்கும் இடையே ஆய்வாளர் எவரும் நுழைந்ததில்லை. வீட்டுத் தொழிலாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. கடல் கடந்தும் கதை இதுவே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை விட்டுவிட்டு வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்லக் கூடாது என்று இலங்கை அரசு 2013-இல் தாய்மாருக்கு விதித்தது. தந்தையருக்கு அப்படி ஒரு விதி அங்கே எழுதப்படவே இல்லை.

கௌரவதனம்

இனி, அந்த ஆண்டர்சன்பேட்டைக் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், கர்நாடகத்தில் தன் முதல் காலடியை மைசூரு மாவட்டத்துத் தி. நரசிபுரத்தில் வைத்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊட்டச்சத்து, தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது, எடை பார்ப்பது, கருவுற்ற பெண்களைக் கணக்கெடுப்பது, மூன்று முதல் ஆறு வயதுவரை முன்பள்ளிக் கல்வி, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், தொற்றுநோய் வந்தால் வீடு வீடாகச் சோதனை, இப்போது கைப்பேசியில் முகம் பிடித்துப் போஷன் டிராக்கரில் ஏற்றுவது என எல்லாமும் ஒரே பெண்ணின் தோளில். அவளைக் கன்னடத்தில் அழைக்கும் சொல் ‘காரியகர்த்தெ’. கட்சி ஊழியருக்கும் தன்னார்வலருக்கும் வழங்கும் அதே சொல். துணைக்கு இருப்பவள் ‘சகாயகி’. பணியாளர், ஆசிரியர் என்ற சொற்களை அரசாணை எழுதுவோர் எவ்வளவு கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள்!

எல்லாவற்றுக்கும் சிகரம் ‘கௌரவதனம்’. தமிழ்நாட்டு அரசாணைகள் மதிப்பூதியம் என்கின்றன. ஊதியத்துக்கு முன்னால் மதிப்பு ஒட்டிக்கொண்டால் ஊதியத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்பது ஆட்சிமொழியின் எழுதாத இலக்கணம். மாவட்ட ஆட்சியருக்கு மதிப்பூதியம் கிடையாது, சம்பளம்தான். நீதிபதிக்கும் சம்பளம்தான். அவர்களுக்குக் கௌரவம் தேவையில்லை போலும்!

ஒன்றிய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தரும் தொகையை 2018 அக்டோபரில் 4,500 ரூபாயாகவும் உதவியாளருக்கு 2,250 ரூபாயாகவும் நிர்ணயித்தது. இதில் மாநிலத்தின் பங்கும் அடக்கம். மாநில அரசுகள் மேற்கொண்டு சேர்ப்பவை தனி; அவையும் போராடிப் பெற்றவை. தங்கவயல்காரர்களுக்குப் புரியும் அளவுகோலில் சொன்னால், 2018-இல் பத்து கிராம் தங்கம் முப்பதாயிரம் ரூபாயளவில் விற்றது. 4,500 ரூபாய்க்கு ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக வாங்கியிருக்கலாம். 2025-இல் பத்து கிராம் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. இப்போது அரைக் கிராமுக்கும் வழியில்லை. கழிவு மண்ணில் கிடக்கும் தங்கத்தின் விலை ஏறியதால்தான் அரசுகள் அதைத் தேடி ஓடுகின்றன. பிள்ளை வளர்ப்பவளின் விலை மட்டும் 2018-லேயே உறைந்து நிற்கிறது.

இது கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று எண்ணுவோர் கர்நாடக அரசு எதிர் அமீர்பீ வழக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பெண் அரசு ஊழியர் அல்லர் என்று நிலைநாட்டுவதற்காக உச்சநீதிமன்றம் வரை படியேறியது மாநில அரசு. 2006 டிசம்பரில் வென்றும் விட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2022 ஏப்ரல் 25 அன்று, குஜராத் பெண்கள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்ற முகமூடியை விலக்கி, அது கூலியே என்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறும் முன்பள்ளிக் கல்வி அங்கன்வாடிகளில்தான் நடக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டியது. தீர்ப்பு வந்தால் போதுமா? பணிக்கொடைக்காகவும் முன்பள்ளி ஆசிரியர் என்ற தகுதிக்காகவும் 2023 ஜனவரி இறுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு சுதந்திரப் பூங்காவின் குளிரில் இரவும் பகலும் உட்கார வேண்டியிருந்தது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்று 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்துவிட்டது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த பரிந்துரை அது. அதைக் குப்பையில் போட்ட கைகளே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் எழுதின.

இங்கே கல்வி பற்றிய ஒரு பழைய பொய்யைத் தொட்டாக வேண்டும். புறநானூற்றில் பொன்முடியார் பாடலாக வரும் கடமைப் பட்டியல் பள்ளி மேடைகளில் இன்றும் ஒப்பிக்கப்படுகிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடன். சான்றோனாக்குவது தந்தையின் கடன். பிறகு கொல்லன் வேல் வடித்துத் தருகிறான், வேந்தன் தன் பங்கைச் செய்கிறான், மகன் களிறு வீழ்த்தித் திரும்புகிறான். வீரத்தாயின் பெருமை என்று உரை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பட்டியல் ஒரு வேலைப்பிரிவினை என்பதை எந்தக் கோனார் உரையும் சொல்லாது. வளர்ப்பது ஒருத்திக்கு, அறிவூட்டுவது வேறொருவனுக்கு, விளைச்சல் அரசனுக்கு. போர்க்களத்தின் இடத்தில் சுரங்கத்தை வைத்தால் தங்கவயல் வந்துவிடும். புறந்தருதல் என்னும் அழகிய சொல்லுக்குள் பாலூட்டுவது முதல் பேச்சுக் கற்பிப்பது வரை அடங்கியிருந்தும், அது அறிவுக்கு அப்பாற்பட்ட உடல்வேலையாக ஒதுக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் ஆட்சியாளர்களின் மூளையில் இந்தப் பிரிவினை அசையவில்லை.

2002-இல் அரசியல் சட்டத்தின் 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறு வயது முதல் பதினான்கு வரைதான் உரிமை என்று வரம்பிட்டது. ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் ‘அரசு முயலும்’ என்ற வழிகாட்டு நெறிக்குள் தள்ளப்பட்டார்கள். முயல்வது அரசு, செய்வது தாய். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று பெரிய கண்டுபிடிப்பைப் போல் அறிவித்தது. அப்படியானால் அந்த வயதில் கற்பிப்பவர்தான் நாட்டின் மிக முதன்மையான ஆசிரியர் அல்லவா? அவருக்குக் கொள்கை வழங்கியது ஆறு மாத இணையவழிச் சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவருக்கு ஓராண்டுப் பட்டயம். சம்பளம் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

கர்நாடகத்தில் 2024-இல் வெடித்த பூசல் இதன் நேர்விளைவு. அரசுப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் திறக்க மாநில அரசு முனைந்ததும், மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகள் அங்கன்வாடியை விட்டுப் போய்விடுவார்கள், மையங்களே காலியாகிவிடும் என்று பணியாளர்கள் கொதித்தெழுந்தனர். போராட்டத்தின் அழுத்தத்தில், அங்கன்வாடிகளிலேயே மழலையர் வகுப்பு என்று அரசு இறங்கிவந்து, பெங்களூருவில் சில மையங்களுக்கு மாண்டிசோரிப் பலகை மாட்டியது. பலகை மாறியது, கௌரவதனம் கௌரவதனமாகவே இருக்கிறது. ஆறு வயதுக்குள் கற்பது கல்வியே அன்று, வெறும் பிள்ளை பார்த்தல் என்று அரசே நம்பினால், தங்கவயலின் ஏழைத் தாய் மட்டும் வேறு எப்படி நம்புவாள்? ரயிலில் போய் வந்து சேர்த்த பணத்தைத் தனியார் ஆங்கில நர்சரிக்குக் கட்டுகிறாள். வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தைக்குக் கன்னடத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்தி, தாய்மொழியையும் கைவிடாமல் இரண்டுக்கும் பாலம் போடும் கடினமான கற்பித்தல் கலையை அங்கன்வாடியின் அந்த இரு பெண்களும் அன்றாடம் செய்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் இதற்குப் பாடத்திட்டமே எழுதலாம்.

கும்பிடுவோரும் கொச்சைப்படுத்துவோரும்

பராமரிப்பு உழைப்புக்குக் கூலி என்று பேசினால் சங் பரிவாரத்துக்குப் புண்படுகிறது. தாய்மையை விலைபேசலாமா என்கிறார்கள். அவர்களின் மகளிர் அமைப்பான ராஷ்டிர சேவிகா சமிதி 1936 முதல் ஜீஜாபாயைத் தாய்மையின் இலட்சியமாக முன்னிறுத்திவருகிறது. தாயைக் கும்பிடுவதில் செலவு ஏதுமில்லை. கேஜிஎஃப் என்ற பெயரில் 2018-இல் வந்து வசூலைக் குவித்த திரைப்படமும் தாய்க்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றத்தான் தங்கத்தைத் தேடுகிறது. தங்கவயலில் தண்ணீர்க்குடத்தோடு வரிசையில் நின்ற தாய்க்கு அதில் இடமில்லை.

2022-இல் இலவசக் கலாச்சாரத்தைச் சாடிய பிரதமரின் கட்சியே, மறு ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் ‘லாட்லி பெஹ்னா’ என்ற பெயரில் மகளிர் உதவித்தொகையை வழங்கியது. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் 30 முதல் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருகலட்சுமித் திட்டம் பல வீடுகளில் எரிவாயு உருளையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறியிருக்கிறது. அதை இலவசம் என்று ஏசுவோர் தம் வீட்டுச் சோற்றின் கணக்கை முதலில் ஒப்படைக்கட்டும். ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறாள்; ஈடுபடும் ஆண் 88 நிமிடம். மாதத்துக்கு 140 மணி நேரத்துக்கும் மேல். 2,000 ரூபாயை வகுத்தால் மணிக்குப் பதினான்கு ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. இலவசம் பெறுவது யார் என்பது அதிலேயே தெரிகிறது.

நீதிமன்றங்களும் இந்த உழைப்புக்கு அவ்வப்போது விலை போட்டிருக்கின்றன. 2010-இலும் 2021-இலும் உச்சநீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பு பற்றிச் சிறப்பாகவே பேசியது. இரண்டும் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள். அதாவது அவள் இறந்த பிறகு! உயிரோடிருக்கும் பெண்ணுக்காகப் பேசிய வகையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் 2023 ஜூன் தீர்ப்பு ஒரு படி மேல். கணவன் சவூதியில் ஈட்டிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது அது.

ஆயினும் வீட்டுக்குள்ளேயே கூலியைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு உழைக்கும் வர்க்கம் வரலாகாது. 1970-களில் இத்தாலியிலும் பிரிட்டனிலும் வீட்டுவேலைக்குக் கூலி கேட்ட பெண்ணியர்கள் அந்த உழைப்பை உலகின் கண்ணுக்குக் காட்டினார்கள். அது பெரும் பணி. அதற்கு மறுப்புரைத்த ஏஞ்சலா டேவிஸ் 1981-இல் சொன்ன காரணம் தங்கவயலுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் கூலிக்குப் பாத்திரம் துலக்கினார்கள். அந்தக் கூலி அவர்களை விடுவிக்கவில்லை. ‘ஆயா’ வேலையின் வரலாறும் அதுவே. அந்த வேலையோடு சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரங்கம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் உலர் கழிப்பறைகளைக் கையால் சுத்தம் செய்யத் தங்கவயல் தலித் மக்களைத்தான் இந்தச் சமூகம் அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டை வீட்டோடும் சாதியைச் சாதியோடும் விட்டுவிட்டு ஒரு தொகையை மட்டும் கையில் திணிப்பது விடுதலையாகாது. பசியும் உள்நாட்டுப் போரும் சூழ்ந்திருந்த 1919-இலேயே லெனின் பொதுச் சமையற்கூடங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் தளிர்கள் என்று கருதிப் போற்றினார். நாற்பது லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வரவுசெலவுத் திட்டம் போடும் ஒன்றிய அரசுக்கு அது முடியாதென்று எவரும் சொல்ல வேண்டாம்.

கர்நாடக அரசு 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் ‘கூசின மனே’ என்ற பெயரில் நான்காயிரம் கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைகள் காப்பகங்களை அறிவித்தது. ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அது பெரும் உதவி. தங்கவயல் நகராட்சி, கிராமப் பஞ்சாயத்து அன்று. எனவே அதற்கு அந்தத் திட்டம் இல்லை. அங்கன்வாடி முற்பகலில் திறந்து மாலை நான்கு மணியளவில் மூடிவிடும். ரயிலோ விடியுமுன் போய் இரவில் திரும்புகிறது. இடைப்பட்ட நேரம் முழுவதும் ஆயாவின் முழங்காலில்தான் கழிகிறது. தங்கவயலின் ஒவ்வொரு லயனிலும் முதல் ரயிலுக்கு முன் திறந்து கடைசி ரயிலுக்குப் பின் மூடும் காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடி, இரண்டு ஷிப்டுக்கும் தனித்தனிப் பணியாளர்கள், அவர்களுக்குக் கௌரவமல்லாத சம்பளம், உள்ளூர் மொழிகளில் முன்பள்ளிக் கல்வி என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும். பணம் எங்கே என்று கேட்கும் அதிகாரிக்கு விடை அவருடைய சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கம், கனிமங்கள் சட்டத்தின்படி சுரங்கப் பணிகளால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கனிம அறக்கட்டளைகள் அமைந்துள்ளன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக அந்த நிதியைச் செலவிடும்போது கல்விக்கும் பெண்கள், குழந்தைகள் நலத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி. அந்த 13 சயனைடு மேடுகளில் முதல் மண்வெட்டி விழும் நாளிலேயே, கோலார் மாவட்ட ஆட்சியரின் மேசையில் இந்தக் கோரிக்கை மனு இருக்க வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர்களில் ஆண்டர்சன்பேட்டை ஆயாக்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். ரேகை தேய்ந்துபோன விரல் என்றாலும் மையில் தோய்த்தால் பதியும்.